சிக்கனம் எப்போது அறமாகிறது?

பொருளைக் குறைத்துப் பயன்படுத்துவது தன்னளவிலேயே அறமாகுமா, அல்லது குறைப்பவரின் நிலையையும் நோக்கத்தையும் பொறுத்தே அறமாகுமா என்னும் வினா சமயங்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்ததாயினும், வாழ்க்கைச் செலவு ஏறும் காலத்தில் அது ஒவ்வொரு வீட்டின் குளியலறையிலும் எழுகிறது. 2022 செப்டம்பரில் இலங்கையின் பணவீக்கம், அதாவது ஓராண்டில் விலைவாசி உயர்ந்த வீதம், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி ஏறத்தாழ 70 சதவீதத்தை எட்டியது. பற்பசைக் குழாயை அடியிலிருந்து சுருட்டிப் பிதுக்கியபின் கத்தரியால் வெட்டி உள்ளே ஒட்டியதை வழித்தெடுப்பதும், தேய்ந்த சவர்க்காரத் துண்டைப் புதிய கட்டியின்மேல் ஈரத்தோடு அழுத்தி ஒட்டுவதும் வறியோர் வீடுகளில் என்றும் உள்ள வழக்கங்கள். அத்தகைய நெருக்கடியில் அவை மாதச் சம்பளக்காரர் வீடுகளுக்கும் தேவையாகிவிடுகின்றன.

பௌத்தத் துறவிகளுக்குரிய ஒழுக்க விதிகளின் தொகுப்பான வினயபிடகம் இதையொத்த நிகழ்ச்சி ஒன்றை விரிவாகச் சொல்கிறது. உதேன மன்னனின் அரசியர் புத்தரின் சீடரான ஆனந்தருக்கு 500 ஆடைகளை வழங்க, துறவிக்கு இத்தனை எதற்கு என்று சினந்த மன்னன் அவரிடமே சென்று வினவுகிறான். ஆடை நைந்த துறவிகளுக்கு அவை பகிரப்படும் என்றும், அவர்களுடைய பழைய ஆடைகள் விரிப்பாகவும், பின் கால் துடைக்கும் துணியாகவும், தூசி தட்டும் துணியாகவும் மாறி, இறுதியில் கிழித்து மண்ணோடு பிசைந்து தரை மெழுகப் பயன்படும் என்றும் ஆனந்தர் விளக்க, மன்னன் மகிழ்ந்து மேலும் 500 ஆடைகளை அளிக்கிறான். இங்கு எதுவும் வீணாகாமைக்கு முன்னதாக நிகழ்வது பகிர்வு என்பது கருதத்தக்கது.

இஸ்லாத்திலும் இத்தகைய அளவறிதல் உண்டு. தொழுகைக்கு முன் முகம், கை, கால் முதலியவற்றைத் தூய்மை செய்யும் உளூவை நபிகள் நாயகம் ஒரு முத்து நீரில், அதாவது இரு கைகளையும் சேர்த்து ஏந்தினால் கொள்ளும் அளவில், நிறைவேற்றினார் என ஹதீஸ்கள் கூறுகின்றன. நீரின் அளவு சுருங்கினாலும் தூய்மை என்னும் நோக்கம் சுருங்குவதில்லை. ஆகவே நோக்கத்தையே கெடுக்கும் குறைப்பு இந்நெறியில் அடங்காது. கை கழுவும் திரவச் சவர்க்காரத்தில் நீரை மிகுதியாகக் கலந்தால், அதைக் கெடாமல் காக்கும் பொருளின் செறிவு குறைந்து கிருமிகள் அதிலேயே வளரக்கூடும் என்பதால், அத்தகைய சேமிப்பு வீட்டிலுள்ள குழந்தையின் நலனை விலையாகக் கொடுத்துப் பெறுவதாகிவிடும்.

திருக்குறளில் ‘வலியறிதல்’ அதிகாரம் வரவறிந்து செலவிடுவதை வலியுறுத்த, ‘நன்றியில் செல்வம்’ அதிகாரம் தானும் துய்க்காமல் பிறர்க்கும் உதவாமல் பொருளைக் குவிப்பவனைக் கண்டிக்கிறது. இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினால், அளவறிதல் ஈகைக்கு வழிவிடும்போதே முழுமை பெறுகிறது என்பது புலனாகும்.

எஞ்சுவது விருப்பம் பற்றிய வினா. துறவி தானே ஏற்ற நோன்பினால் குறைக்கிறார். கூலித் தொழிலாளியோ சம்பளம் போதாமையால் குறைக்கிறார். இருவரின் செயலும் ஒன்றுபோல் தோன்றினும், பின்னவரின் குறைவைத் தியாகமென்று போற்றுவது, அவருக்கு உரிய கூலி கிடைக்காத அநீதியை மறைப்பதற்கே பயன்படும். எனவே சிக்கனத்தை உபதேசிக்கும் உரிமை தம் நுகர்வை முதலில் சுருக்கி, மிஞ்சியதை இல்லாதவரோடு பகிர்ந்தவருக்கே உண்டு. இல்லாதவரிடம் சமுதாயம் பட்டிருப்பது கடன், அது அறிவுரையால் தீராது.