நுரைக்கும் மூக்குக்கும் நடுவே

ஜெர்மனியின் கொலோன் நகரத்து மதுக்கூடங்களில் பீர் வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியதில்லை. போதும் என்றுதான் சொல்ல வேண்டும். அதையும் வாயால் சொல்வதில்லை. கிளாஸுக்கு அடியில் இருக்கும் அட்டையை எடுத்து கிளாஸின் வாயை மூடிவிட வேண்டும். நம் பந்தியில் இலையை மடிப்பதைப் போல. மூடாதவரை, ‘கோபெஸ்’ என்று அழைக்கப்படும் பரிமாறுகிறவர், காலியான கிளாஸை எடுத்துக்கொண்டு நிறைந்த ஒன்றை வைத்துவிட்டு, அட்டையின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். கடைசியில் கோடுகளை எண்ணிக் காசு.

அந்தக் கிளாஸ் ஒல்லியானது, நேரானது, 200 மில்லிதான் பிடிக்கும். பெயர் ‘ஷ்டாங்க’, கழி என்று பொருள். ஒரு லிட்டர் மக்கைக் கைப்பிடியில் தூக்கும் மியூனிக்காரர்களுக்கு இதைப் பார்த்தால் சிரிப்பு. சோதனைக் குழாயில் பீர் குடிக்கிறார்கள் என்று கேலி செய்வார்கள். கொலோன்காரர்கள் அசரவில்லை. ‘கோல்ஷ்’ என்ற தங்கள் பீருக்கு 1986-இல் அந்த ஊர் மதுவடிப்பவர்கள் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் எழுதியபோது, எங்கே வடிக்க வேண்டும், எப்படி இருக்க வேண்டும் என்பதோடு, எந்தக் கிளாஸில் கொடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதினார்கள். பானத்தின் இலக்கணத்தில் பாத்திரத்துக்கும் ஒரு விதி.

இது ஊர்ப் பெருமையா, இல்லை உண்மையிலேயே கிளாஸின் வடிவம் சுவையை மாற்றுகிறதா?

மாற்றுகிறது என்று சொன்னவர்கள் வெகுகாலம் ஒரு தவறான காரணத்தைச் சொல்லிவந்தார்கள். பள்ளிப் பாடப்புத்தகத்தில் நாம் எல்லோரும் பார்த்த நாக்குப் படம் நினைவிருக்கும்: நுனியில் இனிப்பு, ஓரங்களில் புளிப்பும் உப்பும், அடிநாக்கில் கசப்பு. கிளாஸின் விளிம்பு பானத்தை நாக்கின் எந்த இடத்தில் விழச் செய்கிறதோ அந்தச் சுவை தூக்கலாகத் தெரியும் என்று கிளாஸ் விற்றவர்கள் சொன்னார்கள். அந்தப் படத்துக்கு வேரான, ஹேனிஷ் என்ற ஜெர்மானியர் 1901-இல் செய்த ஓர் ஆய்வில், இடத்துக்கு இடம் மிகச் சிறிய வேறுபாடுகள் இருந்தன. 1942-இல் எட்வின் போரிங் என்ற அமெரிக்க உளவியலாளர் தம் நூலில் அதை வரைபடமாக்கியபோது அந்தச் சின்ன மேடு பள்ளங்கள் மலைகளாகிவிட்டன. 1974-இல் வர்ஜினியா காலிங்ஸ் மறுபடி சோதித்துப் பார்த்தபோது, எல்லாச் சுவையும் நாக்கில் மொட்டுகள் இருக்கும் எல்லா இடத்திலும் தெரிவது உறுதியானது. அதற்குப் பிறகும் படம் பாடப்புத்தகத்தை விட்டு இறங்கவில்லை என்பது வேறு கதை.

காரணம் நாக்கில் இல்லை. ஜலதோஷம் பிடித்த நாளில் அம்மா வைத்த மிளகு ரசம் உறைப்பான வெந்நீர் ஆகிவிடுகிறதே, அங்கே இருக்கிறது. நாம் ‘சுவை’ என்று சொல்வதில் பெரும்பங்கு வாசனை. முன்வாசலான நாசித் துவாரம் வழியே ஒரு முறை. விழுங்கும்போது தொண்டையின் பின்வாசல் வழியே இன்னொரு முறை. பின்வாசலைக் கிளாஸ் ஒன்றும் செய்ய முடியாது. முன்வாசல்தான் அதன் ஆட்சிக்கு உட்பட்டது.

டாஸ்மாக் வாசலில் பாட்டிலை வாயில் கவிழ்த்துக் குடிப்பவரைக் கவனியுங்கள். உதடு பாட்டிலின் கழுத்தை அடைத்துவிடுகிறது. மூக்கு வெளியே, பீர் உள்ளே. இரண்டும் சந்திப்பதே இல்லை. அதே பீரை வாய் குறுகிய, வயிறு பருத்த கிளாஸில் முக்கால்வாசி மட்டும் ஊற்றினால், மேலே காலியாக இருப்பதாகத் தோன்றும் இடம் காலியாக இருப்பதில்லை. நுரைக் குமிழிகள் ஒவ்வொன்றாக உடைந்து அங்கே வாசனையை ஏற்றிக்கொண்டே இருக்கின்றன. குனிந்து குடிக்கிறவரின் மூக்கு அந்த இடத்துக்குள் நுழைகிறது. பவேரியக் கோதுமை பீரில் வாழைப்பழ வாசமும் கிராம்பு வாசமும் வருவதாகச் சொல்வார்கள். இரண்டும் நொதிக்கும்போது ஈஸ்ட் உண்டாக்கும் பொருள்கள். அதற்கான அரை லிட்டர் கிளாஸ் இடுப்பு ஒடுங்கி, தலை அகன்று, உயரமான நுரைக்கு இடம் விட்டு நிற்பது சும்மா அழகுக்காக இல்லை. 2015-இல் டோக்கியோவில் மிட்சுபயாஷி என்ற ஆய்வாளரின் குழு, கிளாஸிலிருந்து எழும் ஆல்கஹால் ஆவியைக் கேமராவில் படமாகவே பிடித்தது. வைன் கிளாஸில் ஆவி விளிம்பையொட்டி வளையமாக நின்றது, நடுவில் குறைந்தது. நேரான கிளாஸில் அந்த வளையம் இல்லை. அது வைன், பீர் இல்லை. ஆனாலும் விளிம்பின் வளைவு காற்றில் ஏதோ செய்கிறது என்பதற்குக் கண்ணால் பார்க்கக்கூடிய சாட்சி அது.

பீரை வைத்தும் சோதித்திருக்கிறார்கள். 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வளைந்த கிளாஸில் குடித்தவர்கள், நேரான கிளாஸில் குடித்ததைவிட அதே பீரைப் பழச்சுவை கூடியதாகவும் அழுத்தமானதாகவும் மதிப்பிட்டார்கள். எனக்கு இதில் ஒரு சந்தேகம் உண்டு. கண்ணுக்கு முன்னால் உருண்டையான கிளாஸ் இருக்கும்போது, பழச்சுவை என்று சொன்னது மூக்கா, கண்ணா? எதுவானாலும், தொழில்முறையில் பீர் சுவைப்பவர்கள் ஒரு போட்டியில் எல்லா பீரையும் ஒரே மாதிரிக் கிளாஸில்தான் குடித்துப் பார்க்கிறார்கள். கிளாஸுக்குச் சம்பந்தமே இல்லை என்றால் எதற்கு இந்த முன்னெச்சரிக்கை? ஒரே கிளாஸைக் கொடுப்பதே ஓர் ஒப்புதல் வாக்குமூலம்தான்.

எனக்குப் பிடித்த ஆய்வு சுவையைத் தொடவே இல்லை. 2012-இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஒரே அளவு பீரை நேரான கிளாஸிலும் வளைந்த கிளாஸிலும் கொடுத்து நேரம் பார்த்தார்கள். நேரான கிளாஸ் காலியாக ஏறத்தாழ 11 நிமிடம். வளைந்தது காலியாக ஏறத்தாழ 7. மேலே அகன்ற கிளாஸில் பாதி எது என்று கண் தவறாகக் கணக்கிடுகிறது. அதனால் கை வேகமாகப் போகிறது என்பது அவர்களின் ஊகம். குளிர்பானத்தைக் கொடுத்தபோது இந்த வித்தியாசம் வரவில்லை. பாதியே ஊற்றிக் கொடுத்தபோதும் வரவில்லை. அவசரமாகக் குடித்த பீரும் நிதானமாகக் குடித்த பீரும் ஒரே பீரா? சூடேறி, வாயு போய்ச் செத்த பீரை ஒருமுறை குடித்தவர்கூட இல்லை என்பார்.

கொலோன்காரர்களின் 200 மில்லி இங்கேதான் நியாயப்படுகிறது. கோல்ஷ் மெல்லிய பீர்; நுரை நெடுநேரம் நிற்காது. ஒரு லிட்டர் மக்கில் ஊற்றினால் கடைசி மிடறு வெதுவெதுப்பான தண்ணீர். கழியில் கடைசி மிடறு வருமுன் அடுத்தது வந்துவிடுகிறது. அந்தக் கிளாஸ் மூக்குக்காகச் செய்யப்பட்டது இல்லை, கடிகாரத்துக்காகச் செய்யப்பட்டது. (நுரை எந்தக் கணக்கில் அடங்குகிறது என்று மியூனிக்கைச் சேர்ந்த ஆர்ண்ட் லைக்கே அளந்து காட்டி, 2002-இல் இக் நோபல் பரிசு வாங்கினார். சிரிப்பதற்கான பரிசுதான், அளவு சரியானது.)

செக் நாட்டின் பில்சன் ஊரில் வடிவத்தையே மாற்றாமல் சுவையை மாற்றும் வித்தையைச் செய்கிறார்கள். ஜோசப் க்ரோல் என்ற மதுவடிப்பவர் 1842-இல் பில்ஸ்னர் எனப்படும் பொன்னிற பீரை முதன்முதலில் வடித்த ஊர் அது. அந்தப் பீரை ஒரே மக்கில், ஒரே குழாயிலிருந்து மூன்று விதமாகப் பிடிக்கிறார்கள். ‘ஹ்லாடிங்கா’ என்றால் மேலே மூன்று விரல் நுரை. ‘ஷ்னிட்’ என்றால் நுரையே பெரும்பங்கு. ‘ம்லீகோ’ என்றால் பால். கிளாஸ் முழுக்க ஈரமான வெள்ளை நுரை, அடங்குவதற்குள் ஒரே மூச்சில் குடிக்க வேண்டும், தித்திக்கும். டிகிரி காபியை ஆற்றி ஆற்றி நுரை எழுப்புகிறவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எல்லாக் கிளாஸும் வாசனைக்காகப் பிறந்தவை என்று நினைத்தால் பெல்ஜியத்தின் துறவி மடங்கள் குறுக்கே வரும். அங்கே பல மடத்து பீர்கள் வாய் அகன்ற, தண்டு வைத்த கோப்பையில் வருகின்றன. ஆவியைச் சிறைப்பிடிக்கும் கணக்குப்படி அது தவறான வடிவம், வாசனை ஓடிவிடும். ஆனால் அது தேவாலயப் பூசைக் கிண்ணத்தின் சாயல். தலையைத் தாழ்த்தித்தான் குடிக்க முடியும். அந்தக் குனிவுக்கும் ஒரு சுவை இருக்கிறது.

யோசித்துப் பார்த்தால், பாத்திரம் பானத்தை எதுவும் செய்வதில்லை. அது தூரத்தை நிர்ணயிக்கிறது. மூக்குக்கும் நுரைக்கும் எவ்வளவு தூரம், இந்த மிடறுக்கும் அடுத்த மிடறுக்கும் எவ்வளவு நேரம். அந்தத் தூரம் அனுமதிப்பதைத்தான் நாம் சுவை என்கிறோம்.

அண்ணாந்து குடித்து வளர்ந்த நமக்கு இது வேறு விதமாகத் தெரியும். எச்சில் படக்கூடாது என்பதற்காகத் தம்ளரை முகத்திலிருந்து ஒரு சாண் தூக்கிப் பிடித்தோம். மூக்கு அங்கே வேண்டாத விருந்தாளி. அந்த ஒரு சாண், மனிதனுக்கும் மனிதனுக்கும் நடுவிலும் வைக்கப்பட்டது. ஒரே பாய்லரிலிருந்து ஒரே தேநீர்; ஒருவருக்குக் கண்ணாடிக் கிளாஸ், சேரியிலிருந்து வந்தவருக்கு அலுமினியத் தம்ளரோ கொட்டாங்குச்சியோ. பொது உணவகத்துப் பாத்திரத்தை ஒருவருக்கு மறுப்பது குற்றம் என்று 1955-லேயே சட்டம் வந்தது. அதற்குப் பின்னும் இரட்டைக் குவளை பல ஊர்க் கடைகளில் நின்றது. சில இடங்களில் காகிதக் கோப்பையாக உருமாறி ஒளிந்துகொண்டது. பாத்திரம் சுவையை மாற்றுமா என்ற கேள்வியை அந்தக் கொட்டாங்குச்சியில் குடித்தவரிடம் கேட்டிருந்தால், ஆவியைப் படம்பிடிக்கும் கேமரா தேவைப்பட்டிருக்காது. தேநீரின் ரசாயனம் இரண்டிலும் ஒன்றுதான். குடித்தது ஒன்றில்லை.

ஆகவே, மாற்றுகிறது. மூக்குக்கு இடம் விடுவதாலும், வேகத்தைக் கட்டுவதாலும், குடிப்பவரை யார் என்று சொல்லிவிடுவதாலும் மாற்றுகிறது. மூன்றாவதுதான் மற்ற இரண்டையும்விட வலியது என்பது என் கட்சி.

பீர் குடிக்கிற, கிளாஸ் வாங்கப்போகிற வாசகருக்கு ஒன்று. ஒவ்வொரு பீருக்கும் தனித்தனி கிளாஸ் வேண்டாம். வாய் சற்றே குறுகிய, ஊற்றிய பிறகும் மேலே மூன்று விரல் இடம் இருக்கும் ஏதாவது ஒன்று போதும். ஆனால் அதை மீன் குழம்புப் பாத்திரத்தோடு சேர்த்துத் துலக்காதீர்கள். துளி எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் நுரை நிற்காது. வளைவு, விளிம்பு எல்லாம் வீண். சோப்பு போக நன்றாக அலசி, துணியால் துடைக்காமல் கவிழ்த்து வையுங்கள்.