எந்தத் தப்பு பரவாயில்லை?

1977 மார்ச் 10. ஜவ்வாது மலையின் காவலூர் வான்காணகத்தில், யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைப்பதைப் பார்க்கக் காத்திருந்தார்கள். கோள் நெருங்கும் முன்பே விண்மீன் சற்று மங்கியது. புதிய துணைக்கோள் என்று முதலில் எடுத்துக்கொண்டார்கள். பிற இடங்களின் பதிவுகளோடு ஒப்பிட்டபோது, அது யுரேனஸின் வளையம் என்று தெளிந்தது. இந்தக் குழப்பத்தால் யுரேனஸுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

அதே மலையிலிருந்து ஒருவர் வலிப்போடு வேலூருக்கு இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். எம்.ஆர்.ஐ. படத்தில் அவர் மூளையிலும் ஒரு வளையம். கிளியோபிளாஸ்டோமா என்ற கொடிய புற்றுக்கட்டி அப்படித் தெரியும். காசநோய்க் கட்டியும் அப்படித்தான். பன்றி நாடாப்புழுவின் லார்வா மூளையில் தங்கினாலும் அதே வளையம். முதலாவதில் காத்திருப்பது ஆபத்து. கடைசியில் பல நேரம் காத்திருப்பதே வைத்தியம்.

1993இல் வேலூர் சி.எம்.சி.யைச் சேர்ந்த ராஜசேகர் குழு, வலிப்பு நோயாளிகளின் சி.டி. படங்களை வைத்து ஒரு எளிய வழி சொன்னது. 20 மி.மீ.க்குள் இருந்து, மூளையின் நடுக்கோட்டைத் தள்ளாமல் இருந்தால் பெரும்பாலும் புழு. பெரிதாக, ஓரம் ஒழுங்கில்லாமல் இருந்தால் காசநோயைச் சந்தேகிக்கணும். ஆனால் இது படத்தை மட்டும் நம்பிய விதி இல்லை. நோயாளியின் நரம்புக் குறைபாடு கூடிக்கொண்டே போகிறதா என்றும் கேட்டது.

அளவு, ஓரம், அழுத்தம்: எங்கள் தொழிலில் இவற்றுக்குப் பெயர் ஃபீச்சர். இன்று ஒரு மென்பொருள் ஒரே படத்திலிருந்து இப்படி நூற்றுக்கணக்கில் எடுத்துவிடும். ஆனால் மூளைக்கட்டிப் படங்களை மட்டுமே பார்த்துப் பழகிய மாடலுக்குப் புழு என்ற விடையே தெரியாது. 2012இல் தொடங்கிய பிராட்ஸ் போட்டி பல ஆண்டுகள் தந்தது கிளையோமா நோயாளிகளின் படங்களைத்தான். அதில் பழகிய மாடலிடம் புழுவைக் காட்டினாலும் அது ஏதோ ஒரு கட்டியைத்தான் சொல்லும். அதை முட்டாள் என்று திட்டிப் பயனில்லை. வினாத்தாளில் அந்த விடையை நாம வைக்கவே இல்லை.

சரி, எல்லா நோய்ப் படங்களையும் சேர்த்துவிட்டோம். அப்புறமும் ஒரு எண் மிச்சமிருக்கும். புற்று என்று அறிவிக்க எத்தனை சதவீத நிகழ்தகவு போதும்? எண்ணைக் குறைத்தால் தவறவிடும் புற்று குறையும். தேவையில்லாமல் மண்டையில் துளை போட்டுச் சதை எடுப்பது கூடும். ஏற்றினால் நேர்மாறு. ரெண்டு தப்பும் ஒண்ணில்லை. எது பெரிய தப்பு என்று கணிதம் சொல்லாது. ஆனாலும் பல நேரம் அந்த இடத்தில் 0.5 உட்கார்ந்திருக்கும். காரணம், மென்பொருளில் ஏற்கெனவே அப்படித்தான் இருந்தது.

எனக்கு இது பொறியியல் கேள்வியாகத் தோன்றவில்லை. "மூணு மாசம் கழிச்சு மறுபடி ஸ்கேன் எடுக்க வாங்க" என்பது நகரத்தில் இருப்பவருக்கு ஒரு தேதி. மலையிலிருந்து வருபவருக்கு அது பஸ், கூலி, துணைக்கு ஒரு ஆள். அவர் திரும்பி வராமலே போகலாம். அந்த எண்ணை வைப்பவர், அதைத் தாங்கப்போகிறவரின் முகத்தைப் பார்த்துக் காரணம் சொல்ல முடியணும். சொல்ல முடியாத இடத்தில், "எனக்குத் தெரியல, மருத்துவரைக் கேளுங்க" என்று ஒதுங்கவும் அந்த மாடலுக்கு நாம கற்றுத்தரணும்.