கடிதத்தைக் கையில் வாங்கியவர்



நிறுவனத்தில் நடக்கும் குற்றத்தை ஊழியன் ஒருவன் மேலாளரிடம் எடுத்துரைக்கின்றான். அக்கணமே அவர் உள்ளத்தில் போராட்டம் எழுகின்றது. சோறு போடும் நிறுவனத்தின் மானம் ஒருபுறம்; உண்மை கூறியவனின் உயிரும் பிழைப்பும் மறுபுறம். குற்றஞ்சாட்டப்பட்டவனையும் விசாரியாமல் தண்டித்தலாகாது. என் செய்வார்? “மேலிடம் பார்த்துக்கொள்ளட்டும்” என்று கையொப்பமிட்டு அனுப்பிவிடுகின்றார்.

சத்தியேந்திர துபே என்னும் பொறியாளர், தங்க நாற்கரச் சாலைப் பணியில் கண்ட ஊழலை 2002-இல் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். தம் பெயரை மறைத்து வைக்க வேண்டினார். கடிதமோ பெயருடனேயே மேசைக்கு மேசை சென்றது. 2003 நவம்பர் 27-இல் கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அது வழிப்பறிக் கொலை என்று 2010-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும், அவர் நம்பி ஒப்படைத்த பெயரை அம்மேசைகள் காக்கவில்லை என்பது மாறாது.

பகவான் தம் மைந்தர் இராகுலருக்குக் கண்ணாடியை உவமை காட்டி உபதேசித்தார். செயலுக்கு முன்னும், செய்யும்போதும், செய்த பின்னும், அது தனக்கோ பிறர்க்கோ துன்பம் பயக்குமா என நோக்க வேண்டும் என்பதே அவ்வுபதேசம். கடிதத்தை அடுத்தவரிடம் தள்ளுவதும் ஒரு செயலன்றோ? ஆதலின் மேலாளர்களே, பெயரைக் காத்திடுக. கூற்று மெய்யோவென ஆராய்ந்திடுக. மெய்யாயின் குற்றத்தை நிறுத்திடுக.

நூற்பாலையில் உழைத்த அடியேன் அறிவேன்: கதிர் பழுதென்று சொன்னவனை வெளியேற்றினால் நூல் அறுவது நிற்பதில்லை.

நமோ புத்தாய!