ஆகிஞ்சன்ய நாளும் நல்லாசிரியர் விருதும்

 

2025ஆம் ஆண்டின் தசலட்சண பர்வம் ஆகஸ்டு 28ஆம் நாள் உத்தம க்ஷமையுடன் தொடங்கி, செப்டம்பர் 6ஆம் நாள் அனந்த சதுர்த்தசியன்று நிறைவெய்தியது. ஒன்பதாம் நாளாகிய உத்தம ஆகிஞ்சன்யம் செப்டம்பர் 5ஆம் நாள் அமைந்தது. அந்நாளே ஆசிரியர் தினமும் ஆகும். ‘எனது என்று சொல்லத்தக்கது ஆன்மாவின் குணமன்றி வேறொன்றுமில்லை’ என்று ஜினாலயத்தில் சிந்திக்கும் நாளும், ஆசிரியர்களைப் பாராட்டி மாலையிடும் நாளும் ஒன்றாக வந்தன. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையா, உறவா என்னும் வினா அன்று முழுவதும் என் உள்ளத்தில் நின்றது. அதனையே இங்கு உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1888 செப்டம்பர் 5ஆம் நாள் திருத்தணியில் பிறந்தவர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று, 1909ஆம் ஆண்டில் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியப் பணியைத் தொடங்கியவர். 1962இல் அவர் குடியரசுத் தலைவரானபோது, அவருடைய பிறந்தநாளைக் கொண்டாட மாணவர்களும் நண்பர்களும் விரும்பினர். அவரோ அந்நாள் ஆசிரியர் அனைவர்க்கும் உரிய நாளாகட்டும் என்றார். ‘என் நாள்’ என்பதை ‘எல்லோர் நாள்’ ஆக்கிய செயல் அது. ஆகிஞ்சன்யத்தின் ஒரு சிறு சாயல் அதில் இருப்பதாக நான் கருதுகிறேன்.

அப்பெருமகனார் பெயரால் தமிழக அரசு வழங்கும் விருதைத்தான் மக்கள் நல்லாசிரியர் விருது என்கின்றனர். ஆசிரியர் தினத்தையொட்டிச் சென்னையில் நடைபெறும் விழாவில் ரொக்கத் தொகையும், வெள்ளிப் பதக்கமும், பாராட்டுச் சான்றிதழும் அளிக்கப்படுகின்றன. நம் சமூகத்தில் உழவுக்கு அடுத்தபடியாகப் பலரும் மேற்கொண்ட பணி ஆசிரியப் பணி. ஆதலால் இவ்விருது நம் இல்லங்களுக்கு அயலானதன்று. பதக்கம் பெற்றவரைப் பற்றிய பெருமிதமும், பெறாதவரைப் பற்றிய மனக்குறையும் நம்மிடையே உண்டு.

முதலில் பெறுவோர் நிலையைக் காண்போம். சமந்தபத்திர சுவாமிகள் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் நற்காட்சியைக் கெடுக்கும் எண்வகை மதங்களை எடுத்துரைக்கின்றார். ஞானம், பூசை, குலம், ஜாதி, பலம், செல்வம், தவம், உடல் ஆகியவை பற்றி எழும் செருக்குகள் அவை. அருங்கலச்செப்பின் வழியே நம் முன்னோர் இவற்றைத் தமிழில் பயின்றனர். இவற்றுள் ஞான மதமும் பூசை மதமும் ஆசிரியரை எளிதிற் பற்றுவன. ‘நான் கற்றவன்’ என்பது முன்னது. ‘என்னை உலகம் மதிக்கிறது’ என்பது பின்னது. மேடையில் பதக்கம் அணிவிக்கப்படும் அந்த ஒரு கணத்தில் இவ்விரண்டும் ஒருசேர வந்து நிற்கும்.

அவ்வாறாயின் ஆசிரியரைப் போற்றுதலே தவறோ? அன்று. வந்தவாசி வட்டத்து வேடலில், ஆதித்த சோழனின் 14ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் கல்வெட்டொன்று உள்ளது. குணகீர்த்தி படாரரின் மாணாக்கியாராகிய கனகவீரக் குரத்தியாரையும், அவர்பால் பயின்ற 500 மாணாக்கியரையும் காத்து உணவளிக்கும் பொறுப்பை ஊரார் ஏற்றுக்கொண்ட செய்தியை அது கூறுகிறது. பதினோரு நூற்றாண்டுகளுக்கு முன், நம் ஊர்ப்புறத்தில், ஒரு பெண் ஆசிரியருக்கு ஊர் செய்த சிறப்பு அது! கழுகுமலையிலோ, இன்ன ஆசிரியரின் மாணாக்கர் என்று தம்மைக் கூறிக்கொண்டோர் செய்வித்த திருமேனிகள் மலைப்பாறையில் இன்றும் விளங்குகின்றன. ஊரும் மாணவரும் ஆசிரியரைச் சிறப்பித்தனர் என்பதையே இக்கல்வெட்டுகளில் காண்கிறோம்.

இன்றைய விருதுக்கோ, தம் தகுதிகளைத் தாமே எழுதித் தரவேண்டிய நிலையும் உண்டு. 1958இல் தொடங்கப்பெற்ற தேசிய நல்லாசிரியர் விருதுக்கு, 2018 முதல் ஆசிரியர் தம்மைத் தாமே இணையவழியில் முன்மொழியும் முறை வந்துள்ளது. இது தற்புகழ்ச்சியாகாதா என்று நம் ஆசிரியப் பெண்கள் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. இதற்கு விடை நன்னூலில் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீயகங்கன் வேண்டியதற்கிணங்க அந்நூலை இயற்றிய பவணந்தி முனிவர் நம் சமயத்தவர். எத்துணை அரிய நூல்களைச் செய்து முடித்தாலும் ஒருவன் தன்னைத் தானே புகழ்தல் தகுதியன்று என்று முதலில் விதிக்கின்றார். அடுத்து நான்கு இடங்களில் அதற்கு விலக்கும் அளிக்கின்றார். அரசவைக்கு ஓலை விடுக்கும்போது, தன் ஆற்றலை அறியாதாரிடையே, அவையில் வெல்ல வேண்டிய பொழுதில், மாற்றார் தன்னைப் பழித்த காலத்தில் ஆகியவையே அவ்விடங்கள். விருதுக்கான விண்ணப்பமும் அரசுக்கு விடுக்கும் ஓலையே. ஆகவே உள்ளதை உள்ளவாறு, மிகைப்படுத்தாமல் எழுதுதல் குற்றமன்று. ஓலை அனுப்பிய பின்னரும் அப்புகழைத் தெருவிலும் திண்ணையிலும் பேசித் திரிதலே குற்றம்.

இனிப் பெறாதோர் நிலை. உண்மையில் எனக்குக் கவலை தருவது இதுவே. விருது பெறுவோர் சிலர். அருகே நின்று காண்போர் பலர். அப்பலருடைய உள்ளத்தில் என்ன நிகழ்கிறது?

உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில், அறிவை மறைக்கும் ஞானாவரணீய வினை வந்து சேரும் வாயில்களைக் கூறுகின்றார். அவற்றுள் முதலாவது பிரதோஷம். பூஜ்யபாதர் தம் சர்வார்த்த சித்தியில் இதனை விளக்கும் நுட்பம் வியப்புக்குரியது. முக்திக்கு ஏதுவான ஞானம் புகழப்படும்போது, தான் ஒன்றும் பேசாதிருந்து உள்ளே பொருமும் தன்மையே பிரதோஷம் என்கின்றார். பழித்துப் பேசுதல் வேண்டுவதில்லை. பேச வேண்டிய இடத்தில் பொருமலோடு வாய்மூடி இருந்தாலே வினை ஒட்டும். அதே அத்தியாயத்தில், பிறருடைய உள்ள குணத்தை மூடி மறைத்தலும், தன்னிடம் இல்லாத குணத்தை விரித்துரைத்தலும் நீச கோத்திரத்துக்கு ஏது என்றும் கூறப்படுகிறது. ஆசான் உரைத்தது வீடுபேற்றுக்குரிய மெய்ஞ்ஞானத்தைப் பற்றியது. எனினும் எழுத்தறிவிப்பவரைப் புகழும் இடத்திலும் அதே பொருமல் எழுவதை நான் அறிவேன். பிறரிடம் கண்டு அறிந்ததன்று, என்னிடமே கண்டது.

நான் பணியிலிருந்த காலத்தில், என்னினும் இளையவர் ஒருவர் முதல் வகுப்பை நடத்திவந்தார். கூலி வேலை செய்வோரின் பிள்ளைகளே அவ்வகுப்பில் மிகுதி. பள்ளி திறந்த முதல் வாரத்தில் அவர் அரிச்சுவடியை எடுக்கமாட்டார். ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் அட்டையில் எழுதிக் கையில் கொடுப்பார். தன் பெயரின் எழுத்துகளைத் தேடித் தேடியே அப்பிள்ளை மற்ற எழுத்துகளையும் கற்றுக்கொள்ளும். ஆண்டின் இறுதியில் அவ்வகுப்பில் படிக்கத் தெரியாத பிள்ளை அரிது. ஆசிரியப் பயிற்சியில் நான் ஏட்டில் படித்ததை அவர் கையால் செய்து காட்டினார். பக்கத்து வகுப்பில் இருந்த என்னைக் காட்டிலும் இதனை நன்கறிந்தவர் இலர்.

ஓராண்டு தலைமையாசிரியை அவரை விருதுக்குப் பரிந்துரைக்க முனைந்து, மூத்த ஆசிரியர்கள் தாம் கண்டதை ஒரு பக்கம் எழுதித் தருமாறு கேட்டார். நான் எழுதவில்லை. விடைத்தாள் திருத்தும் வேலை இருக்கிறது என்றேன். மறுமுறை கேட்டபோது உடல்நலம் இல்லை என்றேன். ‘இத்தனை ஆண்டு உழைத்த என்னைப் பற்றி யார் எழுதினார்கள்?’ என்பதே என் உள்ளத்தில் இருந்த உண்மையான விடை. நல்லாசிரியனுக்கு நிறைகோலை உவமை கூறுகிறது நன்னூல். பிள்ளைகளின் விடைத்தாளில் அரை மதிப்பெண்ணும் பிசகாது பார்த்த நான், உடன் உழைத்தவரை நிறுக்க வேண்டிய இடத்தில் துலாக்கோலையே கீழே வைத்துவிட்டேன். என் தாள் இல்லாமலே கட்டு மேலிடம் சென்றது. அவருக்கு விருது கிடைக்கவில்லை. என் ஒரு பக்கத்தால் கிடைத்திருக்கும் என்று நான் கூறவில்லை. கிடைக்காமைக்கு வேறு காரணங்கள் இருந்திருக்கலாம். ஆயினும் நான் கட்டிய வினை என்னுடையதே.

நான் ஓய்வு பெற்ற நாளில் நடந்த பிரிவுபசார விழாவில், அவர் எழுந்து நெடுநேரம் பேசினார். நானே மறந்துவிட்ட என் நற்செயல்களை ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார். தலைகுனிந்து கேட்டிருந்தேன். பல ஆண்டுகள் கழித்து, ஒரு க்ஷமாவணி நாளில் அவர் இல்லம் சென்று நடந்ததைக் கூறி மன்னிப்பு வேண்டினேன். அவர் நம் சமயத்தவர் அல்லர். க்ஷமாவணி என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியிருந்தது. பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தெரியும் அக்கா. அந்தக் கட்டில் உங்கள் தாள் இல்லை என்பதை அப்போதே பார்த்தேன்” என்றார். அறிந்திருந்தும் அன்று மேடையில் என்னைப் புகழ்ந்தாரே என்றெண்ணி நாத்தழுதழுத்து நின்றேன். “நீங்கள் நன்றாகக் கற்பித்தது உண்மைதானே, அதைச் சொல்வதற்கு என்ன?” என்று கூறிக் காபி கலக்க உள்ளே சென்றார்.

மைத்திரி, பிரமோதம், காருண்யம், மத்தியஸ்தம் என்னும் நான்கு பாவனைகளை நாம் மனப்பாடம் செய்திருக்கிறோம். குணத்தால் மிக்காரைக் கண்டு மகிழ்தலே பிரமோதம். அதனை நான் ஏட்டில் கற்றேன். அவர் கல்லாமலே கொண்டிருந்தார்.

தர்ம பந்துக்களே! விருது வந்தபோது ‘இது எனது’ என்று எழும் செருக்கும், வராதபோது ‘இது எனதாக வேண்டியது’ என்று எழும் பொருமலும் ஒரே வித்தில் முளைத்தவை. ‘எனது’ என்னும் மமகாரமே அவ்வித்து. ஆகிஞ்சன்யம் பதக்கத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. இல்லறத்தார் அதனை நன்றியுடன் பெற்று, தமக்கு எழுத்தறிவித்தவரையும், தம்மிடம் கற்ற பிள்ளைகளையும் நினைந்து வணங்கி வைப்பது போதும். ஆசிரியர் பெயரை மறைத்தலாகிய நிஹ்னவமும் ஞானாவரணீயத்துக்கு வாயில் என்பதால், மேடையில் தம் ஆசிரியர் பெயரைச் சொல்லுதல் நலம்.

விருது பெறாத நமக்கும் ஒரு கடமை உண்டு. தம்மைப் பற்றித் தாமே எழுதும் இக்கட்டிலிருந்து நல்லாசிரியரை விடுவிப்பது அருகிலிருப்பவர் கையே. உங்கள் பள்ளியில், உங்கள் தெருவில், உங்கள் பிள்ளையின் வகுப்பில் நன்கு உழைக்கும் ஆசிரியர் ஒருவர் இருப்பார். அவர் செய்வதில் நீங்கள் கண்ணாரக் கண்டதை ஒரு பக்கம் எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். ஒரு படியை அவரிடமே கொடுங்கள். அரசு விருது வந்தாலும் வராவிட்டாலும் அத்தாள் அவர் பெட்டியில் இருக்கும். உங்களுக்கோ, பிறர் குணத்தை வெளிப்படுத்திய நல்வினை இருக்கும்.

நான் அன்று எழுதாத பக்கத்தை, மன்னிப்புக் கேட்டுத் திரும்பிய அன்றிரவே எழுதி அவருக்கு அனுப்பினேன். காலம் கடந்த தாள்தான். எனினும் அதனை எழுதி முடித்த பின்னரே என்னால் சாமாயிகத்தில் அமர முடிந்தது.

என் சொல்லிற் பிழையிருப்பின் பொறுத்தருள்க. உத்தம க்ஷமா. ஜினதர்மம் ஓங்குக.