வேலிக்கு இந்தப் பக்கம்

சில வருடங்களுக்கு முன், வடபுல முஸ்லிம்களின் வெளியேற்றம் பற்றிய ஒரு கதைத் தொகுதிக்கு அட்டைப்படம் வரையக் கேட்டார்கள். 1990 ஒக்டோபர் 30ஆந் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு விடுதலைப் புலிகள் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அந்த மாதம் வடக்கு முழுவதிலுமிருந்து துரத்தப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். அதை ஒரு அட்டைக்குள் எப்படி அடக்குவது? நான் பூட்டிய கதவொன்றை வரைந்தேன். சுற்றிவர வெள்ளை, கதவு மட்டும் கறுப்பு. முதல் வரைவில் வேலியோரம் அயலவர் சிலர் நின்றார்கள். அழித்துவிட்டேன். ஒரு படத்துக்கு ஒரு மையந்தான் என்பது நாங்கள் படித்த பாடம்.

பாமன்கடையில் எனக்குச் சட்டை தைக்கும் நானா யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்தவர். படத்தை அவரிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"கதவு சரி தம்பி. பக்கத்து வீட்டு அக்கா எங்க?"

அன்று பிள்ளைகளுக்குத் தண்ணீர்ப் போத்தல் கொண்டுவந்து தந்த தமிழ்ப் பெண்ணைத்தான் கேட்டார்.

எனக்கு உள்ளூரக் கோபம் வந்தது. 'நல்லவர்களும் இருந்தார்கள்தானே' என்பது எங்கள் வாயை அடைக்க மற்றவர்கள் வழமையாகச் சொல்லும் வசனம். ஆனால் இங்கே அதைக் கேட்டவர் துரத்தப்பட்டவர். அவருடைய துயரைக் கூர்மையாக்குகிறேன் என்று அவருடைய ஞாபகத்தில் பாதியை நான் வெட்டியிருந்தேன்.

ஒன்றை அழுத்திக் காட்டும்போது இன்னொன்றை அமுக்குகிறோம். 1642இல் ரெம்ப்ராண்ட் வரைந்த 'இரவுக் காவல்' ஓவியத்திலே காவற்படையினர் பணம் கொடுத்துத் தங்களை வரைவித்தவர்கள். வெளிச்சமோ தலைவர், துணைத் தலைவர், ஒரு சிறுமி ஆகியோர்மீதே கூடுதலாக விழுகிறது. நிழலில் நிற்பவர்களுக்கு அது நியாயமா? ஓவியம் அந்த ஒளியாலேதான் ஓவியமானது என்பதும் உண்மை. எல்லாவற்றையும் சமமாகக் காட்டினால் கண் எதிலும் தங்காது.

கண்முன் நிற்பதெல்லாம் கண்ணில் படுவதுமில்லை. யுத்த காலத்துக் கொழும்பில் சோதனைச் சாவடிதோறும் உருமறைப்பு நிறம் பூசிய பீப்பாய்கள் நின்றன. பழகிப்போனதால் நாங்கள் அவற்றைப் பார்ப்பதையே விட்டுவிட்டோம். 1997இல் சந்திரகுப்த தேனுவர அதே பீப்பாயைக் கலைக்கூடத்துக்குள் கொண்டுவந்து 'பெரலிசம்' என்று பெயரிட்டார். தெருவில் மறைந்துபோனது அங்கே மையமானது. அழுத்தம் கொடுப்பதை வெறும் அலங்கார வித்தை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

எனக்கு வழி தெரிந்தது பள்ளிவாசலில். ஜும்ஆவுக்கு முன் உட்கார்ந்து மிஹ்ராபைப் பார்த்துக்கொண்டிருந்தேன். றஸூலுல்லாஹ்வின் காலத்து மதீனாப் பள்ளியில் குழிந்த மிஹ்ராப் இருக்கவில்லை. உமர் பின் அப்துல் அஸீஸ் அங்கே ஆளுநராக இருந்தபோது, கி.பி. 707–709 புனரமைப்பில், அது சேர்ந்தது என்பார்கள். வளைவும் எழுத்தணியும் கண்ணை அங்கே இழுக்கின்றன. போய்ப் பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை. அது திசையைக் காட்டுகிறது, அவ்வளவுதான். சஃபில் நிற்கும் ஒவ்வொருவரும் அந்தத் திசைக்கு முகம் திருப்பியிருப்பதால் அதன் அழுத்தம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

ஆக, அந்தப் பெண்ணை வரைந்தால் கதவு பலவீனப்படும் என்று நான் நினைத்தது சோம்பேறித்தனம். அவளைக் கதவைப் பார்த்தபடி நிறுத்தினால் போதும். பார்ப்பவரின் கண் அவள் பார்வை வழியே கதவுக்குத்தான் போகும். ஓரத்தில், மெல்லிய கோட்டில், வேலிக்கு அப்பால், கையில் போத்தலுடன் வரைந்தேன். கதவின் கறுப்பை ஒரு துளியும் குறைக்கவில்லை.

மறுபடி நானாவிடம் கொண்டுபோனேன். தையல் மெசினை நிறுத்திவிட்டுப் பார்த்தார். தலையசைத்தார். பிறகு வேலியில் விரலை வைத்தார்.

"அவ அந்தப் பக்கம் நிக்கேல்ல தம்பி. வேலியைத் தாண்டி எங்கட முத்தத்துக்கு வந்திட்டா."