எண்ணிக்கையும் கடமையும்

எண்ணையும் எழுத்தையும் மனிதரின் இரு கண்களாகக் கண்டார் வள்ளுவர். எழுத்தைக் கற்பிக்கும் நாம், எண் என்னும் கண் நம் வகுப்பறையில் எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாமல் விடுகிறது என்பதையும் சிந்தித்தல் வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுள் ஆட்டிசம் உடையோர் எத்தனை பேர், சிறப்புக் கல்வி வேண்டுவோர் எத்தனை பேர் என்னும் வினா, வெறுங்கணக்குப் போலத் தோன்றினும் அடிப்படையில் ஓர் அறவினாவே ஆகும். தொகை தெரிந்த பின்னரே நம் கடமை தொடங்குகிறதா என்பதே அவ்வினா.

மதியிறுக்கம் என்று தமிழில் வழங்கும் ஆட்டிசத்தை, 1943-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் லியோ கானர் 11 குழந்தைகளை ஆராய்ந்து விளக்கினார். 1966-இல் இங்கிலாந்தின் மிடில்செக்ஸ் வட்டாரத்தைப் பற்றி விக்டர் லாட்டர் வெளியிட்ட ஆய்வு, 10,000 சிறுவருள் 4.5 பேர் என்று மதிப்பிட்டது. அமெரிக்காவின் சில வட்டாரங்களில் 8 வயதுப் பிள்ளைகளிடையே அரசு எடுத்த கணக்கோ, 2000-ஆம் ஆண்டுக்கு 150 பேரில் ஒருவர் என்றும், 2022-ஆம் ஆண்டுக்கு 31 பேரில் ஒருவர் என்றும் காட்டியது.

இவ்வெண்களை அடுக்கிப் பார்ப்போர், ஏதோ கொள்ளைநோய் பரவுவதாக அஞ்சுவர். ஆயின், இடைக்காலத்தில் வரையறை விரிந்தது. பெற்றோரும் மருத்துவரும் விழிப்புற்றனர். தேடும் முறையும் மாறியது. டென்மார்க்கில் 1980 முதல் 1991 வரை பிறந்தோரை ஆராய்ந்தவர்கள், அங்குக் காணப்பட்ட உயர்வில் ஏறத்தாழ 60 விழுக்காட்டைப் பதிவுமுறை மாற்றங்களே விளக்குகின்றன என்றனர். எஞ்சியதற்கு வேறு காரணங்கள் இருக்கலாம். எனினும் எண், பிள்ளைகளை அளப்பதோடு, அவர்களைத் தேடுவோரின் அக்கறையையும் சேர்த்தே அளக்கிறது என்பது தெளிவு.

தென்கொரியாவின் கோயாங் நகரில் 7 முதல் 12 வயது வரையிலான பிள்ளைகளிடையே நிகழ்ந்த ஆய்வு 2011-இல் வெளிவந்தது. அங்கு மதிப்பிடப்பட்ட விகிதம் 2.64 விழுக்காடு. அவர்களுள் மூன்றில் இரு பங்கினர், யாராலும் இனங்காணப்படாமல், எவ்வுதவியும் பெறாமல், பொதுப் பள்ளிகளிலேயே பயின்றுவந்தனர்! ஆய்வாளர் வருமுன்னரும் அவர்கள் அவ்விருக்கைகளில் இருந்தவர்களே. கணக்கில் இல்லாதிருந்தனர், வகுப்பில் இல்லாதிருக்கவில்லை.

இனங்காண்பது முத்திரை குத்துவதாகாதா என்று சிலர் வினவலாம். நியாயமான அச்சமே அது. ஒரு சொல் பிள்ளையின் மேல் ஒட்டிக்கொண்டால், அவனுடைய மற்றெல்லாத் தன்மைகளையும் மறைத்துவிடக்கூடும். ஆயினும், பெயரின்றி விடப்பட்ட பிள்ளை பெயரில்லாமலா இருக்கிறான்? பிடிவாதக்காரன், அடங்காதவன், மந்தம் என்னும் பெயர்களை நாமே அவனுக்குச் சூட்டிவிடுகிறோம். மணியோசை பொறாமல் காதைப் பொத்திக்கொள்பவனை ஒழுங்கற்றவன் என்று தண்டிப்பதினும், அவன் இயல்பை உணர்த்தும் சரியான பெயர் நன்று. பெயர் உதவிக்கு வாயிலாக அமையும்வரை அது முத்திரை ஆகாது.

எண்ணுவதிலும் ஒரு தீங்கு உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலக் கல்வித்துறை, 2004-இல் சிறப்புக் கல்வி பெறுவோர்க்கு 8.5 விழுக்காடு என்றோர் அளவுகோலை வகுத்தது. அதனை மிஞ்சாதிருக்கப் பள்ளிகள் முயன்றன, உதவி பெறுவோர் தொகை குறைந்தது, தேவை குறையவில்லை. அது சட்டத்திற்கு முரணானது என்று நடுவண் அரசின் கல்வித்துறை 2018-இல் அறிவித்தது. ஆயத்தம் செய்வதற்கு உதவவேண்டிய எண், அங்கு வாயிலை அடைக்கும் வேலியாயிற்று.

இதற்கு மாறான நெறியை, மெய்யியலாளர் மேரி வார்னாக் தலைமையில் பிரிட்டனில் அமைந்த குழு 1978-இல் காட்டியது. பள்ளிக் காலத்தில் ஏதேனும் ஒரு கட்டத்தில் ஐவரில் ஒருவருக்குச் சிறப்பு உதவி வேண்டியிருக்கலாம் என்றது அக்குழு. அவ்வாறாயின், சிறப்புத் தேவை என்பது வேற்றுலகத்தாரின் சிக்கலன்று. ஒவ்வொரு வகுப்பின் இயல்பு.

நம் நாடுகளும் இந்நெறியில் அடியெடுத்து வைத்துள்ளன. சிங்கப்பூரின் கட்டாயக் கல்விச் சட்டம், மிதமான, கடுமையான சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளையும் 2019 முதல் உள்ளடக்குகிறது. மலேசியாவும் அதே ஆண்டில், எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பியனுப்பலாகாது என்னும் கொள்கையை நடைமுறைப்படுத்தியது. இவ்வுரிமை, பிள்ளைகளின் தொகையைப் பொறுத்து வந்ததன்று. 31 பேரில் ஒருவனாயினும் 10,000 பேரில் ஒருவனாயினும் அவனுக்குரிய பங்கு குறையாது. தொகை, எத்தனை ஆசிரியர், எத்தனை வகுப்பறை என்று அரசு திட்டமிடுவதற்கு வேண்டும். ஒரு பிள்ளைக்குக் கடமைப்பட்டவர்கள் நாம் என்பதை உணர்வதற்கு அது வேண்டுவதில்லை.

நோயறிதல் மருத்துவர் பணி. உற்றுநோக்குதல் ஆசிரியர் பணி. எந்த ஓசை அவனை வருத்துகிறது, எந்தப் பாடத்தில் அவன் முகம் மலர்கிறது, யாரோடு பழக அவன் தயங்குகிறான் என்பவற்றை நாள்தோறும் காண்பவர் நாமே. கண்டதைக் குறித்துவைப்போம், பெற்றோரிடம் பழியின்றி எடுத்துரைப்போம். நாட்டின் கணக்கு அத்தகைய குறிப்புகளிலிருந்தே பிறக்கிறது. மாணவர்களும், தம்மோடு விளையாட வாராத தோழனை எள்ளாது, அவன் விரும்பும் முறையில் அவனை அணுகப் பழகுதல் வேண்டும். எண் நமக்குக் கண்ணாகுக. எந்தப் பிள்ளைக்கும் வேலியாகாதிருக்கட்டும்.