கருவி மாறின் இசை மாறுமோ?

முன்னோர் இசைத்த கருவியை விடுத்துப் பிறிதொன்றில் அவர்தம் பண்ணை இசைப்பது மரபைக் காப்பதாகுமா, கைவிடுவதாகுமா? பழமையைப் போற்றுவோரும் புதுமையை வேண்டுவோரும் எந்நாட்டிலும் வழக்காடும் வினா இது. இதற்கு விடை தேடுவோர் ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலுள்ள சிம்பாப்வே நாட்டைச் சற்று உற்று நோக்குதல் நலம்.

அந்நாட்டுச் சோனா மக்களின் கருவி எம்பிரா. மரப்பலகைமேல் இருபதுக்கு மேற்பட்ட இரும்பு நாக்குகளை வரிசையாகப் பொருத்தி, இரு பெருவிரல்களாலும் வலக்கைச் சுட்டுவிரலாலும் மீட்டுவர். ஒலி பெருகும்பொருட்டுப் பெரிய சுரைக்குடுக்கையினுள் வைத்து இசைப்பர். 'பிரா' எனப்படும் இரவுச் சடங்கில் மூதாதையர் ஆவியை அழைப்பது இக்கருவியே. கிறித்தவ சமயப் பரப்பாளர் பலர் இதனை வெறுத்து ஒதுக்கியமைக்கும் அதுவே காரணம்.

1970-களின் தொடக்கத்தில், மேனாட்டுப் பாடல்களைப் பாடிப் பழகிய தாமஸ் மாப்ஃபுமோ என்னும் பாடகர், மங்குரா என்ற செப்புச் சுரங்க ஊரில் தொழிலாளர்க்கு இசைத்த குழுவொன்றில் இருந்தார். எம்பிராவின் பண் அங்கே மின்கித்தாருக்கு ஏறியது. கித்தாரின் நரம்பு நீண்டு ஒலிக்கும் இயல்பினது. எம்பிராவின் நாக்கோ சொட்டுச் சொட்டாக ஒலிப்பது. ஆகவே, உள்ளங்கையை நரம்பின்மேல் அழுத்தி ஒலியைக் குறுக்கினர். சுரைக்கிலுகிலுப்பையின் தாளத்தை மேளத்தொகுதியின் வெண்கலத் தட்டுகள் ஏற்றன. அவ்விசை பின்னர்ச் 'சிமுரெங்கா' எனப் பெயர் பெற்றது. அச்சொல் விடுதலைப் போராட்டத்தைக் குறிப்பது. ரொடீசியாவின் வெள்ளையர் ஆட்சி அவரை விசாரணையின்றிச் சிறையில் அடைத்தது. கித்தாரில் வந்தபோதும் பாட்டு யாருடையது என்பதை ஆட்சியாளர் நன்கு அறிந்திருந்தனர் போலும்!

எனினும், ஆவியை அழைக்கும் பண்ணை மதுக்கூடத்தில் இசைக்கலாமா என்னும் எதிர்ப்பை எளிதில் தள்ளிவிட இயலாது. எம்பிராவையே மேடையேற்றிய ஸ்டெல்லா சிவேஷே அம்மையாரும் (1946–2023) இத்தகைய கண்டனத்துக்குத் தப்பவில்லை. அவர் கருவியை மாற்றவில்லை, இடத்தையே மாற்றினார். ஆடவர்க்கே உரியதெனக் கருதப்பட்ட கருவியை ஒரு பெண் ஏந்தியதும் சிலர்க்குப் பொறுக்கவில்லை. தூய்மை பேசுவோரின் சினம் எப்போதும் தூய்மையைப் பற்றியதாகவே இருப்பதில்லை.

மேலும், பழைய கருவி என்பதுதான் எது? பண்டைக் கொல்லர் இரும்புத் தாதினை உருக்கி நாக்குகளைச் செய்தனர். பின்வந்தோர் கட்டில் சுருள்வில்லையும் மிதிவண்டிக் கம்பியையும் தட்டி அவற்றைச் செய்கின்றனர். ஒலியோடு இரைச்சல் கலக்கும்பொருட்டு முன்னர் நத்தை ஓடுகளைக் கட்டினர். இப்போது புட்டி மூடிகளைப் பொருத்துகின்றனர். இவற்றால் மரபு அழிந்தது என்று அங்கு எவரும் புலம்பக் காணோம்.

அஞ்சத்தக்க இழப்பு வேறோரிடத்தில் உள்ளது. எம்பிராவுக்கு ஒரே சுதி இல்லை. செய்வோர்க்கும் இசைப்போர்க்கும் ஏற்ப அது வேறுபடும். கித்தாரின் படிகளோ மேனாட்டு அளவின்படி அசையாமல் பதிக்கப்பட்டவை. 1980-களின் நடுவில் மாப்ஃபுமோ எம்பிராவையே தம் குழுவில் சேர்த்துக்கொண்டார். மகிழத்தக்க செய்திதான், ஆயினும் அசையாத கருவியும் அசையும் கருவியும் ஒருங்கே ஒலிக்க வேண்டுமாயின், விட்டுக்கொடுக்க வேண்டியது எது? நாக்கைச் சற்றே முன்னும் பின்னும் தள்ளிக் கித்தாருக்கு இசைவாக்குவதே எளிது. மின்சாரத்தைக் குறைகூறுவோர் பலர். இந்த நுண்ணிய விட்டுக்கொடுத்தலைக் கவனிப்போர் சிலரே.

1954-இல் தென்னாப்பிரிக்காவில் ஆப்பிரிக்க இசை நூலகத்தை நிறுவிய ஹியூ டிரேசி, இசைக்கவைகளைக் கொண்டு ஊர் ஊராகச் சுதிகளை அளந்து குறித்தமை இதனாற்றான் பெரும்பணியாகிறது. பிரா சடங்கிலோ அத்தகைய நெருக்கடி இல்லை. அங்கே கித்தாருக்கு இடமில்லாமையால், வந்திருக்கும் எம்பிராக்கள் ஒன்றோடொன்று இசைந்தால் போதும். கிலுகிலுப்பையும் கைத்தட்டலும் சூழ விடியும்வரை அவை ஒலிக்கின்றன.